கப்பல் முட்டை

இருங்கோ தம்பி, அந்தக் கதிரையில் இருங்கோ. அவசரப்பட வேண்டாம். வெளிச்சம் இருக்கிற நேரத்தில் கூட்டுக்குள் ஆள் போனால் கோழிகள் பயந்து ஒரு மூலைக்கு ஓடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் அகப்பட்டது மூச்சடைத்துச் செத்துப்போகும். உங்களுக்குத் தெரியாததா? பொழுது படட்டும். இருட்டினால் கோழி கல்லு மாதிரி இருக்கும். தூக்கிப் பெட்டிக்குள் வைக்கலாம், கையைக் கூடக் கொத்தாது.

உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கோ, கூட்டுப் பக்கம் நின்று சிகரட் பிடிக்க வேண்டாம். கீழே உமி விரித்திருக்கு. லொறியும் அங்கேயே நிற்கட்டும். கிட்டக் கொண்டுவந்தால் சத்தத்துக்கு மிரளும்.

பிளேன்ரீ குடிப்பீர்கள்தானே? சீனி போடலாமா? இந்தாங்கோ.

பைரூஸ் என்றுதானே பெயர் சொன்னீர்கள்? வவுனியாவில் இறைச்சிக்கடை. சரி. நான் உங்களை முன்னே பின்னே கண்டதில்லை. நீங்களாகத்தான் போன் எடுத்தீர்கள். 'புஸ்பமக்கா, கோழி குடுக்கிற எண்ணம் இருக்காம், வந்து ஏத்தட்டோ?' என்று கேட்டீர்கள். எனக்கே ஆச்சரியம். முதல்நாள்தான் இவரிடம், என் மனிசனிடம், வாய்விட்டுச் சொன்னேன், இனிக் கோழி வேண்டாம் என்று. வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. வட்டக்கச்சியில் புஸ்பமலர் தும்மினால் வவுனியாவுக்குக் கேட்கும் போல. இந்தப் பண்ணைக்கு அப்படி ஒரு பெயர்.

இவர் மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோழி ஏற்றுவதை நின்று பார்க்க அவருக்கு மனம் இல்லை. போகட்டும். எனக்கு இருக்கு மனம்.

என்ன, கொண்டையைப் பார்க்கிறீர்களா? சிவப்புத்தான். ஓம், இப்பதான் முட்டைக்கு வருகிற கோழிகள். இப்படிப்பட்ட கோழியை ஏன் விற்கிறாள் இந்தப் பொம்பிளை என்று யோசிக்கிறீர்கள். கேட்டால் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருக்கு.

இந்த நாசத்துக்குக் காரணம் கப்பல் என்று ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள். கப்பலும்தான். ஆனால் கப்பல் எங்கேயோ துறைமுகத்தில் வந்து நிற்கிறது, அதுக்கு என்னைத் தெரியாது. என்னைத் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான். பரந்தன் சந்தியில் பேக்கரி வைத்திருக்கிறானே குகன், அவன் என் கூடப்பிறந்த தம்பி. ஏன் முகத்தைத் திருப்புகிறீர்கள்? அவனைத் தெரியுமோ? ரீ குடித்திருப்பீர்கள். அந்த றோட்டால் போகிற லொறிக்காரர் எல்லாரும் அங்கேதான் நிற்பாட்டுகிறார்கள். கெட்டிக்காரன், வாயால் பேசமாட்டான், தான் சுடுகிற பணிஸால் பேசுவான்.

முதலில் இருந்து சொல்லுகிறேன்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன காலம் நினைவிருக்குதா? எண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. அப்போது கோழித் தீனுக்கும் இடி விழுந்தது. வெளியிலிருந்து சோளம் வருவது நின்றது. தீன் மூடையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். காசைக் கொடுத்தாலும் மூடைக்குள் இருப்பது தீனா மரத்தூளா என்று தெரியாது. குஞ்சும் கிடையாது. இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கோழியை விற்றுவிட்டுக் கூட்டுக்குள் ஆட்டைக் கட்டினார்கள்! இந்த ஒழுங்கை முனையில் ஒரு பிள்ளை, என்னைப் பார்த்துக் கோழி வைத்தவள், கூட்டைப் பிடுங்கி விறகுக்குக் கொடுத்துவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. அரிசி ஆலையிலே குறுணல் அள்ளினேன். மீன்வாடியிலே கழிவுக் கருவாடு வாங்கி இடித்தேன். முருங்கை இலையை உலர்த்திக் கலந்தேன். கோழிக்குப் பகல் வெளிச்சம் மட்டும் காணாது தம்பி, பொழுது பட்ட பிறகும் கொஞ்ச நேரம் வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் முட்டை குறையும். மின்சாரத்தையும் வெட்டினார்களே. லாம்பு கொளுத்திக் கூட்டுக்குள் தொங்கவிட்டேன். இவர் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு காவல் இருந்தார், உமியில் நெருப்புப் பட்டுவிடும் என்று. அப்படித்தான் இந்தக் கோழிகளை வைத்திருந்தேன்.

பிறகு கடவுள் கண்ணைத் திறந்தார். கோழி குறைந்ததால் முட்டை குறைந்தது. முட்டை குறைந்ததால் விலை ஏறியது. ஒவ்வொரு கிழமையும் ஏறியது. கொழும்பு லொறிக்காரன் படலையடியில் வந்து நின்று 'அக்கா, அக்கா' என்று கெஞ்சினான். அரசாங்கம் ஒரு விலையைச் சொல்லி, அதுக்குமேல் விற்கக்கூடாது என்றது. அந்த விலைக்கு விற்க எனக்கென்ன பைத்தியமா? பேப்பரில் எழுதினார்கள், முட்டையைப் பதுக்குகிறார்களாம். எனக்கும் வாசிக்க ஆத்திரமாகத்தான் இருந்தது. பதுக்குகிறவர்கள் எல்லாம் கொழும்பில் பெரிய ஆட்கள். அவர்களால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர். நான் என் முட்டையைப் பின்னறையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். நெல்லு மூடை இருக்கிற குளிர்ந்த அறை. தட்டுத் தட்டாக அடுக்கி, மேலே ஒரு தரப்பாளைப் போட்டுவிட்டேன். தூசு விழாமல்.

அந்த நாட்களில் குகன் ஒவ்வொரு நாள் காலையும் மோட்டார் சைக்கிளில் வருவான். அவன் பேக்கரி தொடங்கின நாளில் இருந்து என்னுடைய முட்டைதான். வேறு எங்கேயும் எடுத்ததில்லை. விலை மலிந்து கிடந்த காலத்தில், ஒருவரும் வாங்காத காலத்தில், தேவைக்கு மேலேயும் எடுத்துக்கொண்டு போவான். அப்படி ஒரு பழக்கம்.

"அக்கா, முட்டை இருக்கோ?" என்பான்.

"கோழியள் சரியாப் போடேல்லையடா" என்பேன்.

"பத்துத் தட்டாவது?"

"இருந்தாத் தரமாட்டனே?"

கூட்டைப் பார்ப்பான். பின்னறைக் கதவைப் பார்ப்பான். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போவான். டிசம்பரில் நத்தார் வந்தது. கேக்குக்கு ஓடர் எடுத்து வைத்திருந்தவன், வாங்கின முற்பணத்தை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தானாம். கேக்குக்கு ஐசிங் போடுகிற இரண்டு பெண்பிள்ளைகளையும் வேலையால் நிற்பாட்டினானாம். எனக்குக் கவலைதான். கல்லால் செய்த மனமா எனக்கு? ஆனால் யோசித்துப் பாருங்கோ, கேக் சாப்பிடாமல் யாராவது செத்தார்களா? பாண் போட்டான்தானே. பாணுக்கு முட்டை தேவையில்லை. கொழும்பு லொறிக்கு வாக்குக் கொடுத்தபிறகு நான் தம்பி என்று பார்க்க முடியுமா? வியாபாரம் வியாபாரம்.

இவர் ஒருநாள் கேட்டார், "அவனுக்கு ரெண்டு தட்டுக் குடுத்தா என்னப்பா?" என்று. இவருக்கு வியாபாரம் விளங்காது. கமக்காரனாய் இருந்தவர். நெல்லு வெட்டின அன்றைக்கே களத்தில் வைத்து விற்கிற ஆள்.

இன்னும் வெளிச்சம்தான். குடியுங்கோ, ஆறப்போகிறது.

அப்புறம்தான் கப்பல். இந்தியாவிலிருந்து முட்டை வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னபோது நான் சிரித்தேன். முட்டை என்ன தேங்காயா, கடலால் உருட்டிக்கொண்டு வர? வந்தது தம்பி. குளிர்பெட்டிக்குள் அடுக்கி, பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. முதலில் பேக்கரிக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் மட்டும் என்றார்கள். என் முட்டை போடுகிற செலவை விடக் குறைந்த விலைக்கு. அதை எப்படிப் போடுகிறார்கள், அங்கே கோழி காற்றைத் தின்றா முட்டை இடுகிறது? எனக்கு அது இன்றுவரைக்கும் விளங்கவில்லை. விளங்காத இன்னொன்று இருக்கு. சோளம் கொண்டுவரச் சொன்னால் டொலர் இல்லையாம். முட்டை கொண்டுவர டொலர் இருக்குதாம். கோழியின் வாய்க்குக் கப்பல் இல்லை, மனிசனின் வாய்க்கு மட்டும் கப்பல். சோளத்தைத் தந்திருந்தால் நாங்கள் முட்டையைத் தந்திருக்கமாட்டோமா? இதை நான் கோழி வளர்க்கிறவர்களுக்கு வைத்த கூட்டத்திலும் எழும்பிக் கேட்டேன். மேடையில் இருந்த துரை தண்ணீர் குடித்தார்.

கொழும்பு லொறி வருவது நின்றது. போன் எடுத்தால் 'பாப்பம் அக்கா' என்றான். நான் கலங்கவில்லை. ஒரு கப்பல்தானே, பண்டிகைக்கு மட்டும்தானே என்று நினைத்தேன். முட்டையைப் பின்னறையில் அடுக்கிக்கொண்டே வந்தேன். விலை திரும்பி ஏறும்.

அப்போதுதான் ஒருத்தன் வந்து சொன்னான், குகன் கப்பல் முட்டை எடுக்கிறான் என்று.

சொல்லுங்கோ தம்பி, உங்கள் அக்கா கோழிப் பண்ணை வைத்திருக்க, நீங்கள் கடல் கடந்து வந்த முட்டையை வாங்குவீர்களா? அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இடம்பெயர்ந்து போன காலத்தில் என் பங்குச் சோற்றையும் அவனுக்குத்தான் போட்டேன். பேக்கரி அடுப்புக்குச் செங்கல் அடுக்கினபோது சேறு குழைத்தது இந்தக் கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பின்னறையில் கைக்கு எட்டின தட்டில் இருந்து ஆறு முட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேக்கரியில் நல்ல சனம். பின்னேரப் பாணுக்கு வந்து நின்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே கேக். ஓம், திரும்பவும் கேக். நான் நேரே உள்ளே போய், பாத்திரம் கழுவுகிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் மேசையில் வைத்தேன்.

"எல்லாரும் பாருங்கோ. இவர் உங்களுக்குக் கேக் போடுற முட்டையின்ரை வடிவைப் பாருங்கோ" என்றேன்.

தண்ணீர்ப் பரிசோதனை உங்களுக்குத் தெரியும். புதுமுட்டை தண்ணீரில் போட்டால் நேரே அடிக்குப் போய்ப் படுக்கும். நாள்பட நாள்பட முட்டைக்குள் காற்று ஏறும். பழசானால் மிதக்கும். ஏமாற்ற முடியாது. கப்பலில் வந்தது பழசாகத்தானே இருக்கவேணும்? குகன், "அக்கா, வேண்டாம். உள்ள வா, கதைப்பம்" என்று கையைப் பிடித்தான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். கையைத் தட்டிவிட்டு, அவனுடைய பெட்டியில் இருந்து ஒரு வெள்ளை முட்டையை எடுத்துப் போட்டேன்.

போய்ப் படுத்தது.

இன்னொன்று போட்டேன். அதுவும் படுத்தது. சரி, இவர்கள் ஏதோ மருந்து போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, என் பையில் இருந்த முட்டையை எடுத்தேன். "இப்ப பாருங்கோ எங்கடை நாட்டு முட்டையை" என்று சொல்லிப் போட்டேன்.

மிதந்தது தம்பி. ஆறும் மிதந்தது. பந்து மாதிரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மிதந்தது.

அங்கே தபால்கார மணியண்ணை நின்றார். அவருக்கு வாய் சும்மா கிடக்காது. "புஸ்பம், உன்ரை கோழியள் முட்டைக்கு நீச்சலும் பழக்கித்தான் அனுப்புதுகளோ?" என்றார். பிறகு கேட்க வேண்டுமா? பாண் வாங்க வந்த சின்னன் பெரிசு எல்லாம் சிரித்தது.

என்ன, நீங்களும் சிரிக்கிறீர்களா? சிரியுங்கோ. பரந்தன் தண்ணீர் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் எதுவும் மிதக்கும். கப்பல் முட்டை ஏன் மிதக்கவில்லை என்றால், அது கடலில் வந்து உப்புக்குப் பழகினது. அப்படித்தான் இருக்கவேணும். வேறு என்ன?

குகன் சிரிக்கவில்லை. அதைச் சொல்லவேணும். அவன் என் ஆறு முட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, என் பையில் வைத்தான். "வீட்டை போ அக்கா. நான் ஆளைவிட்டு பஸ் ஏத்திவிடுறன்" என்றான். அந்தச் சத்தம், ஒரு நோயாளியோடு கதைக்கிற சத்தம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினேன்: "இனி நீ என்ரை படலையைத் திறக்கப்படாது. செத்தாலும் வரப்படாது." சனம் முழுக்கக் கேட்டது.

அதோடு அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

கொஞ்சம் இருங்கோ. அங்கே கூட்டுக்குள் சத்தம் வருகிறது... இல்லை, பரணில் ஏறுவதற்கு அடிபடுகின்றன. படுக்கப் போகிற நேரம் அப்படித்தான். ஆளுக்கு ஆள் இடம் பிடிப்பது.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கோ, இது எல்லாரும் செய்யத் துணிகிற வேலை இல்லை. முட்டைக்கு விலை இல்லை. தீனோ நெருப்பு விலை. அப்படியான நேரத்தில் கோழி ஏன் முட்டை போடவேணும்? ஓய்வு எடுக்கட்டும். தீனைக் குறைத்து, வெளிச்சத்தையும் குறைத்தால், கோழி முட்டை போடுவதை நிற்பாட்டும். பழைய இறகெல்லாம் கொட்டும். பார்க்கவே ஏலாது, கழுத்து மொட்டை, முதுகு மொட்டை. அப்படிக் கொஞ்ச நாள் போக, திரும்பத் தீனைக் கூட்டினால் புது இறகு முளைக்கும், கொண்டை சிவக்கும், இளம் கோழி மாதிரித் திரும்பவும் முட்டைக்கு வரும். இரண்டு மாதம் போகும். அதற்குள் கப்பலுக்குக் கொடுத்த அனுமதி முடிந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சித்திரைக்குப் பிறகு முட்டைக்கு ஆளாய்ப் பறப்பார்கள், அந்த நேரம் ஊரில் வேறு யாரிடமும் கோழி இருக்காது, புஸ்பமலரிடம் மட்டும் புதுக்கோழி மாதிரி நிற்கும். கணக்குச் சரிதானே?

இவர் வேண்டாம் என்றார். "இருக்கிற முட்டையைச் சந்தியிலை வைச்சு வாற விலைக்குக் குடுப்பம்" என்றார். நான் கேட்கவில்லை. தீனைக் குறைத்தேன். ஒரு கிழமைக்குள் கூடு முழுக்க இறகு. காற்று அடித்தால் ஒழுங்கை வரைக்கும் பறந்து வேலியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கோழிகள் மொட்டையாக, ஒரு முட்டை கூட இல்லாமல் நின்றபோது, குகன் வந்தான்.

படலையைத் திறக்கவில்லை. வெளியில் நின்றான். நான் சொன்ன சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை, கள்ளன். "அக்கா" என்று கூப்பிட்டான். நான் முற்றத்தில் கூட்டிக்கொண்டு நின்றேன், நிமிரவில்லை.

"அக்கா, கப்பல் பிந்துது. எப்ப வருமெண்டு ஆருக்கும் தெரியாது. சித்திரை வருசம் வருது. கப்பலை நம்பிக்கொண்டு அடுப்பு மூட்டேலாது. உன்ரை முட்டை முழுக்க எனக்குத் தா. இப்ப மட்டுமில்லை, வருசம் முழுக்க எடுக்கிறன். கப்பல் வந்தாலும் எடுக்கிறன். உனக்குக் கட்டுற விலையைச் சொல்லு."

தம்பி, அந்த நேரம் என் நெஞ்சு அடித்தது வவுனியாவில் இருந்த உங்களுக்கும் கேட்டிருக்கும். வருசம் முழுக்க. கப்பல் வந்தாலும். இதைவிட என்ன வேணும் ஒரு கோழிக்காரிக்கு? ஆனால் என்னத்தைக் கொடுப்பது? பின்னறையில் இருந்த பழைய முட்டை எல்லாம் நாறி, குழி வெட்டித் தாட்டாச்சு. கூட்டுக்குள் மொட்டைக் கோழி. 'இல்லையடா, ஓய்வுக்குப் போட்டிருக்கிறன், ரெண்டு மாசம் பொறு' என்று சொல்லலாம். சொன்னால் என்ன நினைப்பான்? அக்கா கணக்குப் பிழைத்துப்போனாள் என்று நினைப்பான். மணியண்ணைக்குச் சொல்லுவான். திரும்பச் சிரிப்பார்கள்.

"கொழும்பு லொறிக்குச் சொல்லியாச்சு. எல்லாம் அங்கைதான் போகுது" என்றேன்.

இவர் மாட்டுக்குப் புல்லுப் போட்டுக்கொண்டு நின்றார். இருமினார். நான் ஒரு பார்வை பார்த்தேன், இருமலும் நின்றது.

குகன் வேலியில் ஒட்டியிருந்த ஒரு இறகை எடுத்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைத் திரும்ப வேலியிலேயே செருகிவிட்டுப் போனான். மா பிசைகிறவனுக்கு இறகைப் பார்த்து என்ன விளங்கப் போகிறது? சும்மா பார்த்தான்.

சித்திரை வருசத்துக்கு முதல்நாள் கப்பல் வந்துவிட்டது. அனுமதியையும் நீட்டினார்கள். பேக்கரிக்கு மட்டும் என்றது போய், இப்போது சங்கக்கடையிலும் கப்பல் முட்டை. வீட்டுக்காரரும் அதைத்தான் வாங்குகிறார்கள். என் கோழி சொன்ன சொல்லுத் தவறவில்லை தம்பி. சரியாக இரண்டு மாதத்தில் இறகு முளைத்தது, கொண்டை சிவந்தது. இந்தக் கிழமைதான் முட்டை விழத் தொடங்கினது. ஆனால் இன்றைக்குப் போட்ட தீன்தான் கடைசித் தீன். நாளைக் காலை போட என்னிடம் ஒன்றும் இல்லை. குறுணலும் இல்லை. இந்த நிலையில் பட்டினி போட்டால் எல்லாம் சாகும். அதைவிடக் கத்தி நல்லது. அதனால்தான் உங்களுக்கு ஓம் என்றேன்.

தீன் போட்டுப் பழகின இந்தக் கை நாளைக் காலையில் என்ன செய்யும் என்று மட்டும் கேட்கவேண்டாம்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கோ, எடுங்கோ. நான் கோப்பையை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன்.

...

என்ன சொன்னீர்கள் இப்ப?

இல்லை தம்பி, எனக்குக் காது நல்லாகக் கேட்கும். 'கொண்டை நல்ல சிவப்பு அண்ணை, முட்டைக் கோழியள்தான், பாத்திட்டன்' என்றீர்கள். வெட்டுகிறவனுக்குக் கொண்டை சிவப்பானால் என்ன, நீலமானால் என்ன? யார் அந்த அண்ணை? கீழே பார்க்க வேண்டாம், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. லொறி வவுனியாவுக்குப் போகிறதா, இல்லையா?

பரந்தனுக்கோ.

பரந்தனில் எந்த இறைச்சிக்கடைக்கு?

ஆ. பேக்கரிக்கோ.

பேக்கரிக்குப் பின்னால் கூடு அடித்திருக்கிறானோ? எப்ப தொடக்கம்? சித்திரைக்குப் பிறகோ. மிஞ்சின பாணை வெயிலில் உலர்த்தி இடித்துத் தீனோடு கலக்கப் போகிறானோ. கப்பலும் வேண்டாம், கொழும்பு லொறியும் வேண்டாம், தன் கேக்குக்குத் தானே முட்டை எடுக்கப் போகிறானாமோ. யார் அவனுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது? கூடு யார் அடித்தது?

இவரோ? என் மனிசனோ?

இப்பவும் அங்கேதான் நிற்கிறாரோ, கோழி வந்து இறங்கும் என்று பார்த்துக்கொண்டு?

நல்லது. நல்ல நாடகம். இறைச்சிக்காரன் வேஷம் போட்டு உங்களை அனுப்பியிருக்கிறார்கள். எழும்புங்கோ. லொறியை எடுங்கோ. ஒரு கோழியும் போகாது. என் கூட்டில் கிடந்து செத்தாலும் பரவாயில்லை, அவனுடைய கூட்டுக்குப் போகாது. சொல்லுங்கோ அவனுக்கு, புஸ்பமலர் சொன்னாள் என்று.

போகிறீர்களா?

நில்லுங்கோ. சொன்னவுடனே போய்விடுவீர்களா? பெரியவள் ஒருத்தி கோபத்தில் சொன்னால் கொஞ்ச நேரம் நின்று கேட்கிறதில்லையா? நாளைக்குத் தீன் இல்லை என்று சொன்னேன்தானே. காதில் விழவில்லையா? லொறியை நிற்பாட்டச் சொல்லுங்கோ. நிற்பாட்டச் சொல்லுங்கோ தம்பி!

சரி. இப்ப வியாபாரம் கதைப்போம். நீங்கள் பேசினது இறைச்சி விலை. இது இறைச்சிக் கோழி இல்லை. ஓய்வு எடுத்து, புது இறகு முளைத்து, முட்டைக்கு வந்த கோழி. இதுக்கு விலை வேறு. தம்பி என்றும் பார்க்கமாட்டேன், தங்கச்சி என்றும் பார்க்கமாட்டேன். உங்களுக்கு விலை கூட்ட அதிகாரம் இல்லையோ? அப்ப அதிகாரம் இருக்கிறவனைக் கூப்பிடுங்கோ. போனைத் தாருங்கோ இங்கே.

"குகனோ?... நான்தான். வேறை ஆர்?... என்ன, 'சொல்லக்கா'வோ? நல்லாச் சொல்லுறன் கேள். நேரிலை வந்து கேக்க உனக்கு வாயில்லையோ? லொறிக்காரனையோ அனுப்புவாய்?... ஆர் வரவேண்டாமெண்டது? ஒரு சொல்லுச் சொன்னா அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிப்பியோ?... சரி, அதை விடு. விலை... பொறு, விலையைப் பேந்து கதைப்பம். பாணை மட்டும் போட்டியெண்டா முட்டை ஓடு மெல்லிசாப் போகும். தட்டிலை வைக்க முதல் உடையும். சிப்பித்தூள் கலந்தனியோ?... எவ்வளவு?... ஐயோ, ஆர் சொன்னது அந்தக் கணக்கு? அவரோ? அவருக்கு நெல்லைப் பற்றித் தெரியும்! ஒண்டுக்கும் கை வையாதே. தீன் தொட்டியைத் தொடாதே. புதுக் கூடு கண்டா அதுகள் மிரளும், தண்ணி குடியாதுகள். பழகின குரல் கேக்கோணும்... உன்ரை குரலோ? உன்ரை குரலை அதுகள் எங்கை கேட்டது, நீ படலைக்கு வெளியிலை நிண்டு கத்தினாக் கேட்குமே?... என்ன?... என்ரை குரலோ?... வை போனை."

இந்தாங்கோ உங்கள் போன்.

ஒன்றுமில்லை. கண்ணுக்குள் உமித்தூசு.

பொழுது பட்டுவிட்டது. ஆட்களைக் கூப்பிடுங்கோ. கதைக்காமல் உள்ளே போகச் சொல்லுங்கோ. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, மற்றக் கையால் நெஞ்சைத் தாங்கித் தூக்கவேணும். தலைகீழாகத் தொங்கவிட்டால் வயிற்றுக்குள் முட்டை உடைந்து செத்துப்போகும். ஒரு பெட்டிக்குப் பத்துக்கு மேலே வேண்டாம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடுங்கோ. மேலே தரப்பாள் போட வேண்டாம்.

முன் சீற்றில் உங்களோடு யார் இருக்கிறது? அந்த நெட்டைத் தம்பியோ? அவரைப் பின்னால் பெட்டிகளோடு ஏறச் சொல்லுங்கோ. நான் வருகிறேன். விலை பேசத்தான். முகத்துக்கு முகம் பேசினால்தான் அவனிடம் விலை பேசலாம், போனில் ஏமாற்றிவிடுவான். வேறு ஒன்றுக்கும் இல்லை.

கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன், கொஞ்சம் நில்லுங்கோ. சேலையை மாற்றவேணுமோ என்று பார்க்கிறேன். இதெல்லாம் கோழி எச்சம்.

வேண்டாம், போதும். என் தம்பி வீடுதானே.